வெற்றுத் தோட்டாக் கூட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

அடுத்த மாதம் டெக்ஸாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள். அத்தான் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்பிச் சுடுகிறவர். சுடுதளத்தில் பொறுக்கிவந்த பித்தளைக் கூடுகள் வாளி வாளியாகச் சேர்ந்துவிட்டன, நீ வந்ததும் உட்கார்ந்து பிரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று கேட்கிறீர்கள். வொர்லியில் பயிற்சியின்போது உங்கள் காலடியில் விழும் கூடுகளைச் செம்பூர் வீட்டுக்குக் கொண்டுவந்து இங்கேயும் இதைத் தொடங்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. கடைசியில், போகிற போக்கில், பளபளப்பானதை வைத்துக்கொண்டு கறுத்ததைத் தூக்கிப் போட்டால் போதாதா என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். விஷயமே அந்த வரியில்தான் இருக்கிறது. ஒருமுறை வெடித்து முடித்த உலோகத்தை மறுபடி எந்த அளவுக்கு நம்பலாம், அதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

பளபளப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கூட்டின் பூர்வோத்தரம் தெரிய வேண்டும்: எந்தத் தொழிற்சாலையில் செய்தது, யாருடைய துப்பாக்கியில் வெடித்தது, எத்தனை தடவை வெடித்தது. இது தெரியாத கூடு எவ்வளவு மின்னினாலும் சந்தேகத்துக்குரியதே. இது தெரிந்த கூடு கன்னங்கரேலென்று இருந்தாலும் பாதகமில்லை.

நான் துப்பாக்கிக்காரன் அல்ல, பித்தளைக்காரன். தாணேக்கு அப்பால் ஓர் ஆலையில், பித்தளைத் தகடு உருட்டும் பிரிவில் உலோகவியலாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அரிசோனாவில் இருக்கும் என் மகனுக்கும் உங்கள் அத்தானுக்குப் பிடித்திருக்கும் அதே பைத்தியம். அங்கே போய்த் தங்கும்போதெல்லாம் கூடு பிரிப்பது என் பங்கு வேலை. ஆகவே கூட்டைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். எந்தத் தோட்டாவுக்கு எந்த வெடிமருந்து, எவ்வளவு எடை என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். அதற்கு மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் கையேடு இருக்கிறது. முகம் தெரியாத யார் பேச்சையும், என் பேச்சு உட்பட, அந்த விஷயத்தில் கேட்காதீர்கள்.

மும்பைக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில், உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்த உரிமம் தயாரிப்பு உரிமம் ஆகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள். அதே சட்டம் தோட்டா என்பதற்குத் தரும் விளக்கத்தில் தோட்டாவின் பாகங்களும், அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களும் சேர்த்தி. மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாமல் சிறு பாகம் ஒன்றை வைத்திருப்பவருக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. மேசை மேல் ஞாபகார்த்தமாக ஒரு கூடு வைத்திருப்பவர் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளலாம். நிரப்புவதற்கென்றே வாளியில் சேர்க்கிறவர் எந்த எண்ணம் இல்லை என்று சொல்வார்? வொர்லியில் விழும் கூடு சுடுதளத்தின் கணக்கு. அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் சுடுவது .22 என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அனுமதித்தாலும் அந்தக் கூட்டை நிரப்ப முடியாது. 1887இல் வந்த .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவில் தனியாக பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, கிடையாது. தீப்பற்றும் ரசாயனம் கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே, அந்த மெல்லிய மடிப்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கித்தான் அதைப் பற்றவைக்கிறது. சுட்ட கூடு ஒன்றின் அடியைப் பார்த்தால் விளிம்பில் அந்த நசுங்கல் தெரியும். நசுங்கிய மடிப்பை நிமிர்த்தி மறுபடி ரசாயனம் பூசுவது நடக்கிற காரியமல்ல. நடுவில் தனி பிரைமர் வைத்த கூடுகளுக்குத்தான் மறுபிறவி.

டெக்ஸாஸுக்கு வருவோம். சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப அங்கே கூட்டரசு உரிமம் எதுவும் வேண்டியதில்லை, அத்தானுக்குப் பிரச்சினையில்லை. உங்களுக்கு உண்டு, இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. சுற்றுலா விசாவும் அந்த வகைதான். அந்தச் சட்டத்தில் தோட்டா என்ற சொல்லுக்குள் வெற்றுக் கூடும் பிரைமரும் அடங்கும். விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. என் மகன் நான் போய் இறங்கியதும் அதைத்தான் முதலில் வாங்கித் தருவான். கோழிக் குழம்பு வாசனைக்கே ஜன்னலைத் திறக்கிற என் பர்ஸில் அரிசோனா வேட்டை உரிமம் இருப்பது எங்கள் வீட்டில் நிரந்தர நகைச்சுவை. உங்கள் விஷயத்தில் எது சரி என்பதை அத்தான் அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு வாளியில் கை வையுங்கள்.

இனி உலோகம். தோட்டாக் கூட்டின் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்த விகிதத்தில்தான் பித்தளை நன்றாக இழுபடும், இழுத்த பிறகு உறுதியாகவும் நிற்கும். தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி, கிண்ணமாகக் குழித்து, அந்தக் கிண்ணத்தை அச்சுக்குள் படிப்படியாக இழுத்து நீட்டுவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை கடினமாகும்; இடையிடையே சூடேற்றி அதை இளக்க வேண்டும், ஆலையில் அனீலிங் என்போம். கடைசியில் அடிப்பாகம் கடினமாகவும் கழுத்துப் பக்கம் மென்மையாகவும் இருக்கும்படி விட்டுவிடுவார்கள். ஒரே கூட்டில் இரண்டு குணம். தோட்டா வெடிக்கும்போது .308 ரைஃபிளில் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறலாம். அந்த நொடியில் கூட்டின் மெல்லிய சுவர் விரிந்து, தோட்டா உட்காரும் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கிப் பின்னால் வராமல் அடைப்பது அதுதான். அழுத்தம் இறங்கியதும் கூடு ஒரு மயிரிழை சுருங்கி, சுவரை விட்டு விலகுகிறது. அதனால்தான் வெளியே இழுக்க வருகிறது. அடைக்கவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும். கழுத்து கடினமாகிவிட்டால் அடைக்காது, விரிசல் விடும். அடி இளகிவிட்டால் தாங்காது.

ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு விரிகிறது. மறுபடி நிரப்ப அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் குறுக்குகிறோம். கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி ஒடிக்கிற கதைதான் இது. எத்தனையாவது வளைப்பில் ஒடியும் என்பது கம்பியின் மேல்பூச்சில் எழுதியிருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் உங்களுக்கே தோன்றிவிடும்.

வாளியைக் கவிழ்த்ததும் முதலில் தேட வேண்டியது கூட்டை அல்ல, சுடாத தோட்டாவை. தரையிலிருந்து கூட்டி அள்ளிய குவியலில் ஊசி பட்டும் வெடிக்காமல் போனவை, தெரியாமல் கீழே விழுந்தவை கலந்திருக்கும். இவற்றைத் தனியே ஒதுக்கி அத்தானிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் கழற்ற முயல வேண்டாம். அடுத்து ஒரு காந்தம். ஒட்டினால் எஃகு, எஃகின் மேல் பித்தளை முலாம் பூசிய கூடுகள் கண்ணுக்கு அப்படியே பித்தளையாகத் தெரியும், காந்தத்தை ஏமாற்றாது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் மங்கலான வெள்ளையாக, கையில் எடுத்தால் எடையே இல்லாமல் இருக்கும். இரண்டையும் கழியுங்கள். வெள்ளி மாதிரி மின்னுவது நிக்கல் முலாம் பூசிய பித்தளை. அது நிரப்பத் தகுந்ததுதான், தனி டப்பாவில் போடுங்கள்.

பிறகு அளவு. இதில் அவசரம் கூடாது, ஏனென்றால் தவறான கூடு சரியான கூட்டின் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். 9 மி.மீ. குவியலில் .380 கூடு இருக்கும். அகலம் ஏறத்தாழ ஒன்று, நீளம் இரண்டு மில்லிமீட்டர் குறைவு. .40 கூட்டுக்குள் 9 மி.மீ. கூடு புகுந்து உட்கார்ந்துகொள்ளும், அந்த இரண்டும் .45க்குள் புகுந்துகொள்ளும். .223 கூட்டை வெட்டிச் செய்யும் .300 பிளாக்அவுட் கூட்டின் அடியில் இன்னும் .223 என்றே பொறித்திருக்கக்கூடும். கழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். .45இல் பிரைமர் குழி பெரிது, சிறிது என்று இரண்டு வகை. அடியில் பொறித்த எழுத்தை ஒவ்வொன்றாகப் படிப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை. நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, பழைய பாட்டு ஏதாவது இருந்தால் நேரம் போவது தெரியாது.

எழுத்தைப் படித்தாயிற்று என்றால் டார்ச் அடித்துக் கூட்டின் உள்ளே பாருங்கள். அடியில் நட்ட நடுவே ஒரே ஒரு துளை தெரிந்தால் அது பாக்ஸர் முறை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான். பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், அவர் முறை அமெரிக்காவில் நிலைத்தது. பெர்டான் அமெரிக்கர், அவர் முறையை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. வீட்டில் நிரப்புகிறவர்களுக்கு வேண்டியது ஒற்றைத் துளைதான், பழைய பிரைமரை ஊசியால் உள்ளிருந்து தள்ளி எடுக்கலாம். இரட்டைத் துளைக் கூட்டில் அதே ஊசியை விட்டால் நடுவில் இருக்கும் பித்தளைக் குமிழில் மோதி ஊசி முறியும். கே.எஃப். என்ற எழுத்துள்ள பழைய .303 கூடுகள் கண்ணில் பட்டால் ஆசையாக ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது நம் புனே பக்கத்துக் கட்கித் தொழிற்சாலையின் முத்திரை. பார்த்துவிட்டுக் கழிசல் டப்பாவில் போடுங்கள், பெரும்பாலும் பெர்டான்தான்.

எல்.சி. என்றும் பக்கத்தில் இரண்டு இலக்க ஆண்டும் இருந்தால் மிசூரி மாநிலத்து லேக் சிட்டி ராணுவத் தொழிற்சாலையின் கூடு. வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருந்தால் நேட்டோ அளவு. இவை நல்ல கூடுகள், ஒரு தொந்தரவோடு வரும். ராணுவத் தோட்டாவில் பிரைமர் நழுவாமல் இருக்க அதைச் சுற்றிப் பித்தளையை அழுத்தி நெரித்திருப்பார்கள். அந்த நெரிப்பை அகற்றாமல் புது பிரைமரைத் திணித்தால் அது நசுங்கும், நசுங்கும்போதே வெடிக்கவும் கூடும். இவற்றைத் தனியாக வைத்துவிடுங்கள், அத்தானிடம் அதற்கான கருவி இருக்கும்.

அடுத்து ஒவ்வொரு கூட்டையும் நோயாளியைப் போலப் பரிசோதிக்கும் வேலை. முதலில் காது. ஒரு பிடி கூடுகளை உள்ளங்கையில் எடுத்துக் குலுக்குங்கள். முழுக் கூடுகள் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்ட ஒன்று இருந்தால் நடுவே ஒரு மந்தமான சத்தம் கேட்கும். கொஞ்சம் பழகினால் அந்த ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடலாம். விரிசல் பெரும்பாலும் கழுத்தில், நீளவாக்கில் வரும். கழுத்தில் விரிசல் விட்ட கூடு செத்த கூடு. ஆனால் சுடுகிறவருக்கு அதனால் பெரிய ஆபத்து வருவது அபூர்வம். ஆபத்தானது அடியில் வருகிற பிளவு.

ரைஃபிள் கூட்டின் அடியிலிருந்து ஒரு விரல்கடைக்கும் குறைவான உயரத்தில், தடித்த அடிப்பாகம் முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடத்தில், சுற்றிலும் ஒரு மெல்லிய வெளிர் வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேதான் கூடு நீளவாக்கில் இழுபட்டு மெலிகிறது. துப்பாக்கியின் அறை கூட்டைவிடச் சற்று நீளமாக இருந்தால், வெடிக்கும்போது கூட்டின் முன்பாதி சுவரோடு ஒட்டிக்கொள்ள, பின்பாதி பின்னால் தள்ளப்படுகிறது. நடுவில் இருக்கும் பித்தளைதான் நீள வேண்டும். பிறகு அச்சில் தோளை, அதாவது உடல் ஒடுங்கிக் கழுத்தாகும் சரிவை, அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் அடுத்த முறையும் அதே இழுப்பு. சில சுற்றுகளில் கூடு இரண்டாகப் பிரிந்து, அடி வெளியே வரும், மீதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். லீ என்ஃபீல்டு .303 ரைஃபிள்கள் இதற்குப் பெயர் போனவை. அவற்றின் அறை தாராளமாகக் குடையப்பட்டது, அறையைப் பின்னாலிருந்து மூடும் அடைப்பானும் (போல்ட்) பின்பக்கம் பூட்டுவது.

வெளியே தெரியும் வளையம் அச்சின் விளிம்பு பட்ட கீறலாகவும் இருக்கலாம். சந்தேகத்தைத் தீர்க்கக் காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மடக்கி, கூர்மையாக அரத்தில் தேய்த்துக்கொள்ளுங்கள். அதைக் கூட்டின் உள்ளே விட்டு, நுனி சுவரைத் தொட்டபடி அடியிலிருந்து மெல்ல மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் அந்த இடம் வந்ததும் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி 'டக்'கென்று சிக்கும். கூட்டைச் சுழற்றி மறுபக்கமும் பாருங்கள். சிக்குவது தெரிந்தால் அந்தக் கூடு எத்தனை அழகாக இருந்தாலும் முடிந்தது. அதே துப்பாக்கியில் அதே நாளில் சுட்ட மற்ற கூடுகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள், அவையும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கும். ஒரு கம்பிக் கொக்கி சொல்வதை விலையுயர்ந்த அளவுகோல்கள் பல சொல்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிரைமர் குழியைச் சுற்றிப் புகைக் கரி படிந்திருந்தாலோ, புது பிரைமர் கட்டைவிரல் அழுத்தத்துக்கே உள்ளே போனாலோ அடி விரிந்துவிட்டது. பெரும்பாலும் அதிக அழுத்தத்தில் வெடித்த கூடு என்று பொருள். கைத்துப்பாக்கிக் கூடுகளில் அடிக்குச் சற்று மேலே ஒரு பக்கம் மட்டும் தொப்பை விழுந்திருந்தால், அறை முழுதாகத் தாங்காத இடத்தில் பித்தளை வெளியே பிதுங்கியிருக்கிறது. .40 கூடுகளில் இதை அடிக்கடி காணலாம். அச்சில் அழுத்தித் தொப்பையை மறைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மறைக்கலாம், பித்தளை மறக்காது. 9 மி.மீ. கூடுகளில் சில தயாரிப்புகளுக்கு உள்ளே பாதி ஆழத்தில் ஒரு படி இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் ஒரு வளையமாகத் தெரியும். அந்தப் படியில் பிளக்கக் கூடியவை, தூக்கி எறியுங்கள். வாய் கோணியிருப்பது, மிதிபட்டு லேசாகச் சப்பியிருப்பது ஒன்றும் செய்யாது, அச்சில் சரியாகிவிடும். கூர்மையாக மடிந்த தழும்பு வேறு.

இதுவரை சொன்னதில் எனக்கு ஐயமில்லை. இனி வருவது, நிரப்புகிறவர்களே ஆளுக்கு ஒன்று சொல்லும் பகுதி. ராணுவக் கூடு தடித்தது, அதனால் உள்ளே இடம் குறைவு, அதே அளவு மருந்துக்கு அழுத்தம் அதிகம் என்பார்கள். 7.62 நேட்டோ கூட்டுக்கும் கடையில் வாங்கும் .308 கூட்டுக்கும் இடையே இது பெரும்பாலும் உண்மை. 5.56 கூட்டுக்கும் .223 கூட்டுக்கும் அதையே சொல்வது பழக்கதோஷம். தண்ணீர் நிரப்பி எடை போட்டுப் பார்த்தால் லேக் சிட்டிக் கூட்டில் இடம் சமமாகவோ சற்று அதிகமாகவோ கூட வரும். எனவே பொது விதியை நம்பாமல், தயாரிப்பாளர் வாரியாகப் பிரித்து வைப்பதே நல்லது. ஒரே முத்திரை, முடிந்தால் ஒரே ஆண்டு, ஒரு டப்பா.

எடை வாரியாகப் பிரிப்பது இன்னொரு சண்டை. போட்டிக்குச் சுடுகிறவர்கள் அரை கிரெய்ன், ஒரு கிரெய்ன் வித்தியாசத்துக்குக் கூடுகளைப் பிரிப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உலோகவியல்காரனாக எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். கூட்டின் எடை கூடுவது உள்சுவர் தடித்ததால் இருக்கலாம், அடிவிளிம்பின் வெட்டு ஆழம் குறைந்ததாலும் இருக்கலாம். முன்னது உள்ளிடத்தை மாற்றும், பின்னது எதையும் மாற்றாது. தராசுக்கு இரண்டும் ஒன்று. தொலைதூரப் போட்டிக்காரர் தண்ணீர் கொள்ளளவைப் பார்த்துப் பிரிக்கட்டும், நியாயம் இருக்கிறது. அத்தான் 100 மீட்டரில் காகிதத்தைச் சுடுகிறவர் என்றால் அந்த மாலை நேரத்தை அக்காவோடு செலவழிப்பது மேல்.

ஒரு கூட்டை எத்தனை முறை நிரப்பலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். எண் சொல்கிறவரை நம்பாதீர்கள். சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டைத் தாண்டாத .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் போன்ற சாதுவான கூடு வெகுகாலம் உழைக்கும். அதே பித்தளை .308இல் ஒரு சிலரிடம் சீக்கிரமே சாகும், இன்னொருவரிடம் நெடுநாள் வாழும். வித்தியாசம் அச்சில் எவ்வளவு குறுக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. கழுத்தை அவ்வப்போது சூடேற்றி இளக்கினால் ஆயுள் நீளும் என்பது நிச்சயம். ஒவ்வொரு முறையும் செய்தால் குறி இன்னும் துல்லியமாகும் என்பது வாதத்துக்குரியது. ஆனால் சூடு கழுத்தையும் தோளையும் தாண்டி அடிக்கு இறங்கவே கூடாது. அடி இளகிய கூட்டை எந்தச் சோதனையாலும் வீட்டில் மீட்க முடியாது. நெருப்பில் விழுந்த கூடுகளை, குப்பையோடு எரிந்தவற்றை, எவ்வளவு தேய்த்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.

சுத்தம் செய்வது கடைசி வேலை, நீங்கள் முதல் வேலையாக நினைத்திருந்தது. கறுப்பு வெறும் மேல்படலம். மக்காச்சோளக் கதிரின் சக்கைத் தூளோடு சுழலும் உருளியில் சுற்றினால் போய்விடும். பச்சைக் களிம்பு ஏறியதைத் துடைத்துப் பாருங்கள், அடியில் குழி விழுந்திருந்தால் கழியுங்கள். நம் வீட்டுக் குத்துவிளக்குப் பாணியில் புளி போட்டுத் தேய்க்கலாமா என்றால், புளிப்பு எதுவானாலும் சில நிமிடங்களுக்கு மேல் ஊறக்கூடாது. துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பின் இளஞ்சிவப்பு மேலே திட்டுத் திட்டாகத் தெரியும். கழுத்தில் அப்படித் திட்டும் சொரசொரப்பும் சேர்ந்திருந்தால் நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். இது எங்கள் தொழிலில் பாடமாகவே வரும் கதை, நம் மண்ணில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் பெட்டியில் இருந்தபடியே வெடிப்பு விட்டன. யாரும் சுடவில்லை, யாரும் தொடவில்லை. குதிரை லாயங்களில் அவற்றை அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரம், இழுத்துச் செய்த பித்தளைக்குள் அடங்கிக் கிடந்த இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து உலோகத்தைப் பிளந்தன. காரணம் புரிய 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அதை விளக்கினார்கள். தோட்டாக் கூட்டுக்குள் இன்றும் அந்த இறுக்கம் இருக்கிறது, அம்மோனியா பட்டால் இன்றும் அதுதான் நடக்கும். மெருகுத் திரவம் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், கண்ணில் நீர் வரவைத்தால் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று பாக்கி. பிரைமரில் ஈயச் சேர்மம் இருப்பதால் கூட்டுக்குள் படிந்த கரியிலும், உருளியில் சுற்றிய தூளிலும் ஈயம் இருக்கும். அக்காவின் குழந்தைகள் சின்னவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிப்பதும் சுற்றுவதும் கார் நிறுத்தும் இடத்தில், கதவைத் திறந்துவைத்து நடக்கட்டும். சமையலறை மேசையில் வேண்டாம். முறுக்கு கொறித்துக்கொண்டே பிரிக்காதீர்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்ட பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

கழித்த கூடுகளின் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் பழைய உலோகக் கடைக்குப் போடச் சொல்லுங்கள். நீங்கள் கழித்ததை வேறொருவர் பொறுக்கி நிரப்பக் கூடாது. ஞாபகத்துக்கென்று ஒன்றைக்கூட மும்பைக்கு எடுத்துவர வேண்டாம். அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் பித்தளைக் கூட்டுக்கும் பொருந்தும். இங்கே விமான நிலைய ஸ்கேனரில் ஒற்றைத் தோட்டா தெரிந்தாலே போலீஸ் வழக்குப் பதிவு செய்கிறது. தெரிந்தே வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகள் பலவற்றை ரத்து செய்திருக்கின்றன, ஆனால் அதுவரை அலைவது நீங்கள். அத்தானோடு சுடுதளத்துக்குப் போட்டுக்கொண்டு போன கால்சட்டை, மாட்டிக்கொண்டு போன பை இரண்டையும் புறப்படுவதற்கு முந்தைய நாளே தலைகீழாக உதறி, மடிப்புகளையும் ஓரப் பைகளையும் விரலை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு அடுக்குங்கள். வெடித்துத் தெறிக்கும் கூடு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. சட்டைக் காலருக்குள் விழுந்து நான் பார்த்திருக்கிறேன்.